பாலைவன லாட்ஜில் இரண்டு இரவு: நம் கரையிலிருந்து போகிறவர்களுக்கு

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் என்றால் கட்டில், ஃபேன், ஒரு பக்கெட், ஒரு கப். துபாய்க்கும் அபுதாபிக்கும் வெளியே மணற்காட்டில் சஃபாரி லாட்ஜ் என்றால் கூடாரம் மாதிரிக் கூரை போட்ட தனி வீடு. பல இடங்களில் வாசலிலேயே சின்ன நீச்சல் குளம் இருக்கும், திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே மான் மேயும். வாடகை ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கான திர்ஹம்.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், சித்தார்கோட்டை என்று இந்தக் கரையில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடத்தான் வேண்டும். பிள்ளைகள் விசிட் விசா எடுத்து வாப்பாவையும் உம்மாவையும் கூப்பிடுகிறார்கள். புர்ஜ் கலீஃபாவும் மால்களும் பார்த்து முடித்த பிறகு, "நல்ல இடமாக ஒரு பாலைவனம்" என்று பேச்சு வரும். அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்கானது இது.

ஆளுக்கு 100, 200 திர்ஹம் வாங்கிக்கொண்டு மாலை வண்டியில் கூட்டிப்போய், மணல்மேட்டில் குலுக்கி, கபாப் கொடுத்து, இரவு 9 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும் 'டெசர்ட் சஃபாரி' வேறு சரக்கு. அதில் தவறு ஒன்றும் இல்லை. மணலில் வண்டி ஏறி இறங்குவதுதான் வேண்டும் என்றால் அதுவே போதும். லாட்ஜுக்குக் கொடுக்கும் காசு விடியற்காலை இரண்டு மணி நேரத்துக்கும் அந்தி இரண்டு மணி நேரத்துக்கும்தான். நடுப்பகலில் மானே நிழலில் படுத்துவிடும். மாலை ஐந்துக்கு வந்து சேர்ந்து, காலை ஒன்பதுக்கு எழுந்து, பதினொன்றுக்குக் கிளம்புகிறவர்கள் ஏசி அறையில் தூங்குவதற்கு அத்தனை பணம் கட்டியவர்கள். கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் இந்த நான்கு மணி நேரத்தைத் தவறவிடாமல் இருப்பதற்காக.

எந்த இடம்?

துபாய் பாலைவனப் பாதுகாப்பகத்துக்குள் இருப்பது அல் மஹா. 1999-இல் தொடங்கியது. பாதுகாப்பகத்தின் பரப்பு 225 சதுர கிலோமீட்டர். துபாய் விமான நிலையத்திலிருந்து அல் ஐன் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். விலங்கு பார்க்கவும் வயதானவர்களுக்கும் இதுதான் முதல் தேர்வு. சின்னப் பிள்ளைகளை ஏற்கமாட்டார்கள், அதனால் வயது வரம்பைப் பணம் கட்டும் முன் கேளுங்கள். பேரன் பேத்தியோடு போவதென்றால் துபாயின் இன்னொரு பாலைவன விடுதியான பாப் அல் ஷம்ஸ் ஒத்துவரும்.

மணல் என்றால் மணலாகவே வேண்டும் என்பவர்களுக்கு அபுதாபியின் லிவா பக்கம், ரூப் அல் காலி என்ற பெரும் பாலைவனத்தின் விளிம்பில் கஸ்ர் அல் சராப். கோட்டை மாதிரிக் கட்டிய இடம், சுற்றிலும் மலை மலையாக மணல். அபுதாபி நகரிலிருந்தே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஓர் இரவுக்கு அவ்வளவு தூரம் போனால் களைப்புதான் மிஞ்சும், இரண்டு இரவு வையுங்கள். ராஸ் அல் கைமாவின் அல் வாதி சுமார் 500 ஹெக்டேர் தனிக் காட்டுக்குள் இருக்கிறது. வட அமீரகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கம். ஒட்டகச்சிவிங்கி, சிவிங்கிப்புலி (சீட்டா) பார்க்க ஆசை என்றால் சர் பனி யாஸ் தீவு இருக்கிறது. ஆனால் அது கடலுக்குள் இருக்கும் தீவு, நீங்கள் நினைக்கும் மணல்மேட்டுப் பாலைவனம் அல்ல.

எப்போது?

நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வாடகை பாதியாகக்கூட இறங்கும். வெயில் 45 டிகிரியைத் தாண்டும் என்பதால்தான் இறங்குகிறது. இளவட்டங்கள் குளத்தில் கிடக்கப் போகலாம், பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வேண்டாம்.

கிழமையில் ஒரு பழைய கணக்கு பலரை ஏமாற்றுகிறது. முன்பு வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் வியாழன், வெள்ளிதான் கூட்டம் என்பார்கள். 2022 ஜனவரியிலிருந்து அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள், ஷார்ஜாவில் மட்டும் வெள்ளியும் சேர்த்து மூன்று நாள். ஆகவே விலை ஏறும் இரவுகள் வெள்ளியும் சனியும். ஞாயிறு இரவிலிருந்து வியாழன் இரவுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது. டிசம்பர் 2 தேசிய தினம், புத்தாண்டு, இரண்டு பெருநாள், இவற்றை ஒட்டிய நாட்களை விட்டுவிடுங்கள்.

நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்றால் பிறையையும் பாருங்கள். அரபி மாதம் 27-லிருந்து அடுத்த மாதம் 3 வரை வானம் நன்றாக இருட்டிக் கிடக்கும். 13, 14, 15-இல் நட்சத்திரம் மங்கிவிடும், ஆனால் நிலவொளியில் விளக்கில்லாமல் மணலில் நடக்கலாம். வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிற விஷயம்.

பணம்

இணையத்தில் காட்டும் தொகைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சேவைக் கட்டணம், நகராட்சிக் கட்டணம், 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி (வாட்) மூன்றும் பல நேரம் தனியாக ஏறும். துபாயில் இவற்றோடு சுற்றுலா திர்ஹம் என்று ஒன்று உண்டு. 5 நட்சத்திர இடத்தில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 20 திர்ஹம். 3,000 திர்ஹம் என்று போட்டிருந்தால் கடைசியில் 3,700-ஐ ஒட்டி வந்து நிற்கும். "வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சாப்பாடு வாடகைக்குள் வருகிறதா, எத்தனை வேளை? ஒட்டகச் சவாரி, வண்டிப் பயணம், வல்லூறு நிகழ்ச்சி, இவற்றில் எத்தனை இலவசம்? வாடகை மலிவாகத் தெரியும் இடத்தில் இவை ஒவ்வொன்றும் தனிக் காசாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் மூன்று வேளையும் இரண்டு நிகழ்ச்சியும் சேர்த்துத் தரும் விலையுயர்ந்த இடமே கட்டுபடியாகும்.

உள்ளே நுழையும்போது அட்டையில் ஒரு வைப்புத் தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் கணக்கிலிருந்தே காசு முடங்கும், விடுவிக்க நாட்கணக்கில், சில வங்கிகளில் வாரக்கணக்கில் ஆகும். மாதக் கடைசியில் இப்படி மாட்டினால் தலைவலி.

இன்னும் மூன்று கேள்வி. அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கு எவ்வளவு தூரம், பக்கி என்ற சின்ன வண்டி கூப்பிட்டால் வருமா? முழங்கால் வலிக்காரர் உண்டென்றால் படி இல்லாத அறை கிடைக்குமா? குளமும் திண்ணையும் பக்கத்து அறைக்குத் தெரியுமா? உம்மாவும் அக்கா தங்கையும் வருவதென்றால் மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள்.

ஊரில் பெட்டி கட்டும்போது

தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதுவும் லாட்ஜுக்குப் போகும் முன்பே, விமான நிலையத்தில்.

கசகசா வேண்டவே வேண்டாம். அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் தடை செய்யப்பட்டது. குருமாவுக்கு அரைத்து வைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் வம்புதான். மகனுக்குப் பொடி திரித்துக் கொடுக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள். வெற்றிலையும் துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள், டப்பாவில் கொட்டாதீர்கள். டாக்டர் சீட்டை ஆங்கிலத்தில், பொருளின் பெயரோடு எழுதி வாங்குங்கள். டிரமடால், கோடீன் உள்ள இருமல் மருந்து, பிரிகாபலின், தூக்க மாத்திரைகள் ஆகியவற்றுக்கு அமீரக அரசிடம் இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். நரம்பு வலிக்கு பிரிகாபலின் சாப்பிடும் சர்க்கரைக்காரர்கள் நம் பக்கம் நிறைய, கவனம். இன்சுலின் கைப்பையில்.

துணி. "மணலும் வெயிலும் நமக்குத் தெரியாததா?" என்று பருத்திச் சட்டையும் சேலையுமாகக் கிளம்புகிறார்கள். தெரியாதது குளிர். டிசம்பர், ஜனவரியில் மணற்காட்டு இரவு 10 முதல் 15 டிகிரிக்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. கடல் பக்கத்திலேயே இருந்தவர்களுக்கு இது நடுக்கம். பகலில் 25, சூரியன் விழுந்த ஒரு மணி நேரத்தில் 16. கடல் மாதிரி மணல் சூட்டைப் பிடித்து வைக்காது, அதனால்தான் இந்தச் சரிவு. ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், மஃப்ளர், இரண்டு ஜோடி காலுறை. விடியலில் பனிமூட்டமும் உண்டு, திண்ணையில் போட்ட துணி நனைந்துவிடும்.

செருப்பு மட்டும் போதாது. கணுக்கால் வரை மூடும் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வேண்டும். பெண்கள் ஒட்டகத்தில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டியிருக்கும். சேலை ஒத்துவராது, சுடிதாரோ, அபாயாவுக்குள் பேன்ட்டோ போட்டுக்கொள்ளலாம். ஆண்களுக்குக் கைலி அறையில் சொர்க்கம், ஒட்டகத்தின் மேல் அவமானம்.

முதல் நாள், மணிக் கணக்கில்

அறை கொடுப்பது பெரும்பாலும் மாலை 3 மணிக்கு. 3 மணிக்குப் போய்ச் சேராதீர்கள், மதியம் 1 மணிக்கே போங்கள். அறை தயாராக இல்லாவிட்டாலும் வரவேற்பில் பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபிக் காபியும் கொடுத்து உட்காரவைப்பார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான்: அன்று மாலைக்கும் மறுநாள் காலைக்கும் நிகழ்ச்சிகளைப் பெயர் கொடுத்துப் பிடித்து வைப்பது. வண்டிக்கு ஐந்தாறு பேர்தான். நல்ல நேரம் முதலில் நிரம்பிவிடும். சாப்பாட்டு விவரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: காரம், சைவம், சர்க்கரை, மட்டன் வேண்டுமா மீனா. 

டிசம்பரில் சூரியன் 5:30-ஐ ஒட்டி விழும். ஆகவே மாலைப் பயணம் 3:30, 4 மணிக்கே கிளம்பும். மதியம் சாப்பிட்டுப் படுத்தால் போச்சு.

இரவுச் சாப்பாடு 7:30-க்கு என்றால் நம் உடம்புக்கு அது 9 மணி. ஒன்றரை மணி நேர வித்தியாசம். ஊரிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் சர்க்கரைக்காரர்கள் 6 மணிக்கு ஏதாவது கடித்துக்கொள்ள வேண்டும். இதே வித்தியாசத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. ஊரில் காலை 5:30-க்கு எழும் உம்மாவுக்கு அங்கே 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஜனவரியில் சுபுஹு 5:40 வாக்கில், சூரியன் 7 மணிக்கு. தொழுது, அறையில் இருக்கும் கெட்டிலில் டீ போட்டுக் குடித்து, நிதானமாகக் கிளம்பலாம். டீத்தூள் மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள், அங்கே இருக்கும் பையில் நம் டீ வராது.

கிப்லா, அதாவது தொழும் திசை, அறையில் அம்புக்குறியாக இருக்கும், மேசை இழுப்பறையிலோ கூரையிலோ தேடுங்கள். திண்ணையில் தொழும்போது பழக்கத்தில் தவறு வரும். ஊரில் நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்போம், துபாயில் சற்றுத் தெற்கே சாய வேண்டும்.

ஒட்டகம்

விழுகிறவர்கள் ஒட்டகம் நடக்கும்போது விழுவதில்லை. எழும்போதும் உட்காரும்போதும்தான்.

உட்கார்ந்திருக்கும் ஒட்டகத்தின் இடப்பக்கம் நின்று, சேணத்தின் முன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கால் போட்டு ஏறுங்கள். ஓட்டுபவர் குரல் கொடுத்ததும் ஒட்டகம் முதலில் பின்னங்காலைத் தூக்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் தரை கிளம்புவது மாதிரி இருக்கும், முகம் அதன் கழுத்தை நோக்கிச் சரியும். அந்தக் கணத்தில் கையை நீட்டி விறைத்து, முதுகை நன்றாகப் பின்னால் சாய்க்க வேண்டும். உடனே முன்னங்கால் எழும், உடம்பு தானாக நிமிரும். இறங்கும்போது முன் முழங்காலை மடித்து 'தொப்'பென்று விழும், அதுவே பெரிய குலுக்கல். அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். போட்டோவுக்காக ஒரு கையை விட்டவர்கள் இந்த இடத்தில்தான் மூக்கை இடித்துக்கொள்கிறார்கள். போனைத் தரையில் நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நடக்கும்போது இடுப்பைத் தளர்த்தி, ஓடத்தில் உட்காருவது மாதிரி ஆட்டத்தோடு ஆடுங்கள். கடல்காரர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தொடை மறுநாள் பேசும்.

வண்டிப் பயணம்

மணலுக்குள் இறங்கும் முன் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி டயர் காற்றை இறக்குவார். 35 பிஎஸ்ஐ இருப்பதை 15, 18 அளவுக்கு விடுவார். 'உஸ்ஸ்' என்று நாலு சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமிடும். பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். காற்று குறைந்தால் டயர் அகலமாகப் படியும், எடை பரவும், மணலில் புதையாது. ஒட்டகப் பாதம் செய்வதும் அதையேதான்.

பாதுகாப்பகத்துக்குள் வண்டி குறித்த தடத்தில்தான் போகும், மலிவு சஃபாரி மாதிரி சர்க்கஸ் இருக்காது. ஆனாலும் இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், கழுத்து, இடுப்பு எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் "மெதுவான பயணம்" என்று தெளிவாகச் சொல்லி ஏற வேண்டும். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்கார்ந்து தொலைவில் ஒரு மேட்டையே பார்க்கட்டும். மாத்திரையை அரை மணி முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: போன் வரைபடம் காட்டும் மணல் குறுக்குவழியில் திரும்பாதீர்கள். லாட்ஜ் சொன்ன நுழைவாயிலுக்குத் தார்ச்சாலையிலேயே போங்கள்.

மணல்மேட்டில் ஏறுவது

தனுஷ்கோடி மணல் வேறு, இது வேறு. இது மாவு மாதிரி, இரும்புச் சத்தால் செம்மை ஏறியது. சாயல்குடி தாண்டித் தூத்துக்குடிப் பக்கம் போனால் வரும் தேரியை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டின் ஒரு பக்கம் சாய்வு குறைவாக, அலை அலையாகக் கோடு விழுந்து கெட்டியாக இருக்கும். அது காற்று வரும் பக்கம். மறுபக்கம் வழுவழுவென்று, 34 டிகிரியை ஒட்டிச் செங்குத்தாகச் சரியும். கோடு விழுந்த பக்கம் ஏறி, முகட்டின் மேலேயே நடந்து, சரிவுப் பக்கம் குதிகாலை ஊன்றி இறங்குங்கள். நேராகச் சரிவில் ஏறப் பார்த்தால் இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி கீழே வரும்.

காலையிலும் மாலையிலும் வெறுங்காலோடு நடக்கலாம், சுகமாக இருக்கும். கோடை நடுப்பகலில் மேல்மணல் 60 டிகிரியைத் தாண்டும், கொப்புளம் நிச்சயம். ஷமால் என்ற வடமேற்குக் காற்று கிளம்பினால் அன்றைக்கு மேட்டை மறந்துவிடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் நாளில் தனுஷ்கோடிச் சாலையில் நின்றவர்களுக்கு அது புரியும். போனின் சார்ஜ் துளையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். கேமராக்காரர்கள் வெளியே லென்ஸ் மாற்றக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் நம் அனுபவம் நம்மையே ஏமாற்றும். கீழக்கரையில் வியர்த்தால் சட்டை ஒட்டும், தாகம் தெரியும். அங்கே பகல் காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், உடம்பு வற்றுவது தலைவலி வந்த பிறகுதான் தெரியும். ஒரு நாளைக்கு ஆளுக்கு 3 லிட்டராவது குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு லபன் கேளுங்கள், நம் மோர்தான்.

மானும் மரமும்

அரேபிய ஓரிக்ஸ், அரபியில் மஹா. வெள்ளை உடம்பு, கறுத்த கால், ஈட்டி மாதிரி நீண்ட கொம்பு. காட்டில் 1972-இல் முற்றிலும் அழிந்து, வளர்ப்பிடங்களில் இருந்தவற்றைப் பெருக்கி 1982-இல் ஓமனில் திரும்ப விட்டார்கள். அப்படி அழிந்த இனம் ஒன்று ஆபத்துப் பட்டியலில் மூன்று படி கீழிறங்கியது 2011-இல் இதன் விஷயத்தில்தான் முதல்முறை. இப்போது சில லாட்ஜ்களில் திண்ணைக்கே வருகிறது. வரும், ஆனால் வளர்ப்பு ஆடல்ல. பேரீச்சம்பழம் நீட்டாதீர்கள். குட்டியோடு நிற்கும்போது எழுந்து நடமாடவும் வேண்டாம், உட்கார்ந்தபடியே பாருங்கள்.

வல்லூறு நிகழ்ச்சி காலையில்தான் நன்றாக இருக்கும். பறவையைத் தினமும் எடைபோட்டு, பசியாக இருக்கும்போதுதான் பறக்கவிடுவார்கள். தின்றுவிட்டால் எவ்வளவு அழைத்தாலும் வராது. அதன் கண்ணை மறைக்கும் தோல் தொப்பிக்கு அரபியில் புர்கா என்றே பெயர், உம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார்.

அங்கங்கே தனியாக நிற்கும் பச்சை மரத்தைக் காஃப் என்பார்கள். நம் வன்னி மரமேதான், அமீரகத்தின் தேசிய மரம். வேர் 30 மீட்டர்வரை இறங்கித் தண்ணீர் தேடும். நம் மாவட்டத்தையே மூடிக்கிடக்கும் சீமைக்கருவேலம் இதன் சொந்தக்காரன், அங்கேயும் புகுந்து தொல்லை கொடுக்கிறது. வழிகாட்டியிடம் இதைச் சொன்னால் பேச்சு நன்றாக நீளும்.

இரவும் கிளம்பும் நாளும்

இருட்டில் அறையை விட்டு இறங்கும்போது ஷூவும் டார்ச்சும் வேண்டும். தேளும் விரியனும் இரவில்தான் நடமாடும். காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டிவிட்டுக் காலை விடுங்கள். நட்சத்திரம் பார்க்க வெளிவிளக்கை அணைத்து, போனைப் பார்க்காமல் இருபது நிமிடம் உட்கார வேண்டும். ஒரு முறை திரையைப் பார்த்தால் கண்ணுக்கு மறுபடி அதே இருபது நிமிடம்.

கடைசிக் காலையையும் பெட்டி அடுக்கியே தொலைக்காதீர்கள். பெட்டியை முந்தைய இரவே கட்டி, காலை நிகழ்ச்சிக்குப் போய் வந்து, குளித்து, 12 மணிக்கு அறையை விடலாம். மணல் படிந்த துணியைக் குளியலறையில் அலசாதீர்கள், வடிகால் அடைத்துக்கொள்ளும். வெளியே உதறி, தனிப் பையில் போட்டுக் கட்டுங்கள். கணக்கு முடிக்கும்போது பாக்கி பூஜ்யம் என்று காட்டும் பில்லையும், வைப்புத் தொகையை விடுவித்த சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பணம் திரும்பாவிட்டால் வங்கி முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.